விருதுப் பட்டியல் சொல்லாமல் விட்டது: சத்யஜித் ரே கையேடு ஒன்று திருத்தப்பட்ட விதம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு நகரத்து ஃபிலிம் சொசைட்டி, வங்க இயக்குநர் சத்யஜித் ரேயின் படங்களை வாரம் ஒன்றாகத் திரையிட முடிவு செய்தது. பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். ரேயின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள், படம் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காக ஒரு சிறு கையேடு போடுவது என்று செயற்குழு தீர்மானித்தது. படங்களைப் பற்றிய குறிப்பு, வாழ்க்கைச் சுருக்கம், கடைசியில் விருதுகளின் பட்டியல். இவ்வளவுதான் திட்டம்.

பட்டியலைத் தொகுக்கும் வேலை ஒரு முதுகலை மாணவரிடம் போனது. சரிபார்க்க ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அச்சுக்குப் போகும் முன் வாசித்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடமும் கேட்டார்கள். அச்சுச் செலவில் ஒரு பகுதியை உள்ளூர்ப் புரவலர் ஒருவர் ஏற்றிருந்தார். அட்டையில் "ஆஸ்கர் வென்ற இயக்குநர்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

எந்தப் படங்களைத் திரையிடுவது என்பதையும் விருதுகளே தீர்மானித்திருந்தன. 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'மகாநகர்', 'சாருலதா', 'அஷானி சங்கேத்', 'அகந்துக்' என ஆறு படங்கள். ஆறும் நல்ல படங்கள்தான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் 'ஜல்சாகர்', 'காஞ்சன்ஜங்கா', 'அரண்யேர் தின் ராத்ரி' மூன்றும் விடுபட்டதற்குக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியிருந்த காரணம் இதுதான்: "பெரிய விருது இல்லை."

முதல் வரைவில் கண்டவை

வரைவு பார்க்க அழகாகவே இருந்தது. இடப்பக்கம் ஆண்டு, நடுவில் விருது, வலப்பக்கம் படம். முதலில் கண்ணில் பட்ட சிக்கல் ஆண்டுகள்தான். 'கூப்பி கைன் பாகா பைன்' கொல்கத்தாவில் வெளியானது 1969 மே மாதம். ஆனால் சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற இரண்டு தேசிய விருதுகளும் அதற்கு 1968ஆம் ஆண்டுக்காகக் கிடைத்தவை. 'ஜன ஆரண்யா'வும் இப்படித்தான். வெளியானது 1976, சிறந்த இயக்குநர் விருது 1975ஆம் ஆண்டுக்கு. படம் வெளிவரும் முன்பே விருது வாங்கிவிட்டதா என்று மாணவர் குழம்பிப்போயிருந்தார். தேசிய விருது தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, தியேட்டருக்கு வந்த ஆண்டை அல்ல. விருது அறிவிப்பும் வழங்கும் விழாவும் அதற்கும் பிறகு நடப்பவை. ஆக ஒரே விருதுக்கு மூன்று ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கின்றன. வரைவில் மூன்றும் கலந்து கிடந்தன.

அடுத்தது எண்ணிக்கை. ரேக்கு 32 தேசிய விருதுகள் என்று ஒரு நூலில் இருக்கிறது, 36 என்று இன்னொரு இடத்தில் இருக்கிறது. மாணவர் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டார். எது சரி என்று தேடிய நூலகர், எண்ணும் முறையே வேறுபடுவதைக் காட்டினார். 'பதேர் பாஞ்சாலி' 1955இன் அகில இந்தியச் சிறந்த படத்துக்கான தங்கப் பதக்கத்தையும், சிறந்த வங்க மொழிப் படத்துக்கான வெள்ளிப் பதக்கத்தையும் வாங்கியது. இதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? 'அஷானி சங்கேத்' படத்தின் இசைக்காக ரேயே தேசிய விருது பெற்றார். இயக்குநரின் சாதனைப் பட்டியலில் இசையமைப்பாளர் விருது சேருமா? படத்துக்குக் கொடுத்த விருதும், ஆளுக்குக் கொடுத்த விருதும், வாழ்நாள் சாதனைக்குக் கொடுத்ததும் ஒரே கூட்டலில் போனால் வரும் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 'அபராஜிதோ' 1957இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது. பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேர் தலைமையிலான நடுவர் குழு, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவும் இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியும் போட்டியில் இருந்த ஆண்டில் அதைத் தேர்ந்தெடுத்தது. வரைவு இதைக் கொட்டை எழுத்தில் சொன்னது. அதே படம் முந்தைய ஆண்டு வங்கத்தில் வெளியானபோது ஓடவில்லை. படிப்புக்காகத் தாயை விட்டு மகன் மெல்ல விலகிப்போவதை அன்றைய பார்வையாளர்களால் ஏற்க முடியவில்லை. இதைச் சொல்லப் பட்டியலில் இடமே இல்லை. படம் பார்க்க வரும் மாணவர், "உலகமே கொண்டாடிய படம்" என்று நினைத்துக்கொண்டு உட்காருவார். அந்த மகனின் நடத்தை தன்னை உறுத்தினால், கோளாறு தன் ரசனையில்தான் என்று முடிவு கட்டிக்கொள்வார். எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்த ஊர்க்காரர்களையே அது உறுத்தியது என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எளிதான முடிவுகள். ஒவ்வொரு விருதுக்கும் படம் வெளியான ஆண்டும், விருது எந்த ஆண்டுக்கானது என்பதும் தனித்தனியாக எழுதப்பட்டன. கௌரவங்களுக்குத் தனிப் பகுதி. அங்கேயும் இதே குழப்பம் உண்டு. பிரான்ஸின் உயரிய அரசு விருதான லெஜியன் ஆஃப் ஆனர் 1987இல் கொடுக்கப்பட்டது. அதிபர் மித்தரான் கொல்கத்தாவுக்கே வந்து அதை அணிவித்தது 1989இல். ஊர்ப் பத்திரிகைகள் இரண்டு ஆண்டையும் எழுதும், இரண்டும் பொய்யல்ல. மொத்த எண்ணிக்கை கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

ஆஸ்கர் விஷயத்தில் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. 1992 மார்ச்சில் ரேக்குக் கிடைத்தது கௌரவ ஆஸ்கர்; தனி ஒரு படத்துக்கு அல்ல, வாழ்நாள் பணிக்காகக் கொடுத்தது. கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அவர் நன்றி சொன்ன ஒளிப்பதிவு விழாவில் காட்டப்பட்டது. ஏப்ரல் 23ஆம் தேதி காலமானார். அவருடைய 'அபுர் சன்சார்', 'மகாநகர்', 'சத்ரஞ்ச் கே கிலாடி' மூன்றும் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டவை. ஒன்றுகூட இறுதிப் பரிந்துரைக்குத் தேறவில்லை. "ஆஸ்கர் வென்ற" என்று அட்டையில் போட்டால், படம் ஒன்று போட்டியில் ஜெயித்ததாகவே வாசகர் எடுத்துக்கொள்வார். செயலாளர் புரவலரை நேரில் பார்த்து இதை விளக்கினார். அவருக்கு முழு மனசு இல்லை. அட்டையில் ரேயின் பெயர் மட்டும், உள்ளே முதல் பக்கத்தில் கௌரவ ஆஸ்கர் பற்றி ஒரு பத்தி என்று உடன்பாடு ஆனது.

அப்புறம், வரவேற்பைத் தனியாகப் பதிவு செய்வது என்ற முடிவு. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று குறிப்புகள்: வெளியான காலத்தில் சொந்த மண்ணில் எப்படி எடுத்துக்கொண்டார்கள், வெளிநாட்டில் முதலில் என்ன சொன்னார்கள், பிற்காலத்தில் மதிப்பு எப்படி மாறியது. 'பதேர் பாஞ்சாலி'க்கு இதை எழுதியபோது குழுவுக்குள் ஒரு சின்ன மோதல் வந்தது. 1958இல் அந்தப் படம் நியூயார்க்கில் வெளியானபோது, 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரௌதர், இவ்வளவு தளர்ந்த கட்டமைப்புள்ள படத்தை ஹாலிவுட் எடிட்டர்கள் முழுமையடையாத முதல் வெட்டு (செம்மைப்படுத்தாத முதற்கட்டத் தொகுப்பு) என்றுதான் சொல்வார்கள் என்ற பொருளில் எழுதினார். அதே விமர்சனத்தில் படம் போகப்போகத் தன்னை ஈர்த்ததையும் சொன்னார். படம் அங்கே மாதக்கணக்கில் ஓடியது. மரியாதை செய்யப் போடும் கையேட்டில் வசவை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நூலகர் சொன்ன பதிலால் முடிவு திரும்பியது. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் 1956இல் அதே படத்தின் முதல் காட்சிக்குக் கூட்டமே இல்லை, ரசித்த சிலர் வற்புறுத்தியதால் மறுகாட்சி கிடைத்தது, அதன் பிறகுதான் 'மனித ஆவணம்' என்ற பெயரில் சிறப்பு விருது வந்தது என்று நினைவுபடுத்தினார். "படம் தானா ஜெயிக்கலை, யாரோ நாலு பேர் அதுக்காகப் பேசினாங்க. வசவை எடுத்துட்டா அந்த நாலு பேரையும் சேர்த்து எடுத்துடுவீங்க" என்றார். கிரௌதர் குறிப்பு கையேட்டில் இருந்தது.

சொந்த நாட்டு எதிர்ப்பையும் மறைக்கவில்லை. 1980இல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், ரே இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்குக் காட்டிப் பெயர் வாங்குகிறார் என்று குற்றம்சாட்டினார். 'அஷானி சங்கேத்' இதற்கு நேர் எதிரான குறையைச் சந்தித்தது. 1943 பஞ்சத்தைப் பற்றிய அந்தப் படம் 1973இல் பெர்லின் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கக் கரடியை வாங்கியது. பஞ்சத்தை இவ்வளவு பச்சைப் பசேலென்று அழகாகக் காட்டலாமா என்று சில விமர்சகர்கள் கேட்டார்கள். வயல் செழித்திருந்தபோதே மனிதர்கள் சோறில்லாமல் செத்தார்கள் என்பதுதான் ரேயின் விளக்கம். வறுமையைக் காட்டினான் என்று ஒரு குற்றச்சாட்டு, அழகாகக் காட்டினான் என்று இன்னொன்று. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தோம்.

காலிக் கட்டத்தை என்ன செய்வது?

இந்த நிகழ்வில் நீண்ட விவாதம் நடந்தது இதற்குத்தான். புதிய அமைப்பில் படங்கள் வரிசையாக வர, பக்கத்தில் விருதுக் கட்டம். சில படங்களுக்கு அது காலியாக இருந்தது.

"சார், காலியா விட்டா அச்சுல நல்லா இருக்காது. அந்தப் படங்களை எடுத்துடலாமா?" என்று மாணவர் கேட்டார்.

"எடுக்காதே தம்பி. ஏன் காலியா இருக்குன்னு எழுதிடு" என்றார் நூலகர்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மாணவர் தேடப் போனார். திரும்பி வந்தபோது கொண்டுவந்த விஷயம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. 'அரண்யேர் தின் ராத்ரி' 1970இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. அந்த ஆண்டு பெர்லினில் யாருக்குமே விருது இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்க வீரர்கள் ஓர் இளம்பெண்ணைச் சீரழித்துக் கொன்றதைப் பற்றிய மைக்கேல் வெர்ஹோவனின் ஜெர்மன் படம் ஒன்று போட்டியில் இருந்தது. நடுவர் குழுத் தலைவர், அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், அதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவித்தார். தகராறு முற்றி நடுவர் குழு விலகியது. போட்டி கலைந்தது. தங்கக் கரடி யாருக்கும் போகவில்லை.

குறிப்பேட்டில் "பெரிய விருது இல்லை" என்று எழுதித் தள்ளப்பட்ட படம் இது. மதிப்பிட ஆளே இல்லாத நிலையில் அதற்கு விருது எங்கிருந்து வரும்? ரேயின் சிறந்த நான்கைந்து படங்களில் ஒன்று என்று இதை நான் நினைக்கிறேன். காட்டுக்குப் போன நான்கு நகரத்து இளைஞர்கள், அங்கே சந்தித்த இரண்டு பெண்களோடு, பிரபலங்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் ஞாபக விளையாட்டு ஆடும் அந்த நீண்ட காட்சியில், ஒவ்வொருவர் சொல்லும் பெயரும் அவரவர் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். படம் வெளியானபோது இந்தியாவில் பெரிதாகக் கொண்டாடப்படவில்லை. வெளிநாட்டு விமர்சகர்கள்தான் தூக்கிப் பிடித்தார்கள்.

இதன் பிறகு காலிக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடப்பட்டது. 'பதேர் பாஞ்சாலி'க்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது ஏன் இல்லை? அப்படி ஒரு பிரிவே அப்போது கிடையாது. 1967ஆம் ஆண்டின் படங்களுக்கு வழங்கிய 15ஆவது தேசிய விருதுகளில்தான் அது தொடங்கியது. முதல் விருதை வாங்கியவரும் ரேதான், 'சிரியாகானா' என்ற துப்பறியும் படத்துக்காக. அந்தப் படத்தை அவரே உயர்வாக நினைக்கவில்லை. அபு என்பவனின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று படங்கள் ('பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்'), 'சாருலதா', 'மகாநகர்' எதற்கும் இந்த விருது இல்லை, 'சிரியாகானா'வுக்கு உண்டு. பட்டியலை மட்டும் பார்ப்பவர் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்? விருது தொடங்கிய தேதியைப் பக்கத்தில் போட்டால்தான் விஷயம் தெளிவாகிறது.

'ஜல்சாகர்' வேறு வகை. 1958இல் உள்ளூரில் கலவையான வரவேற்பு. பாரிஸில் 1981இல் திரையிட்டபோது பெரிய வெற்றி. இடையில் இருபத்துச் சொச்சம் ஆண்டுகள். 'காஞ்சன்ஜங்கா' 1962இல் வந்தது. ரேயின் முதல் வண்ணப் படம், தானே எழுதிய முதல் அசல் திரைக்கதை. டார்ஜிலிங்கில் ஒரு பிற்பகல், நடந்துகொண்டே பேசும் ஒரு குடும்பம், அவ்வளவுதான் கதை. அன்றைய பார்வையாளர்களுக்கு அது பிடிபடவில்லை. கட்டத்தில் "வெளியானபோது தோல்வி; பின்னாளில் காலத்துக்கு முந்திய படம் என்று மதிப்பிடப்பட்டது" என்று எழுதினோம்.

இந்தத் தேடலுக்குப் பிறகு திரையிடல் வரிசையும் மாறியது. 'மகாநகர்', 'அகந்துக்' இரண்டையும் அடுத்த சுற்றுக்குத் தள்ளி, 'காஞ்சன்ஜங்கா'வும் 'அரண்யேர் தின் ராத்ரி'யும் சேர்க்கப்பட்டன. 'மகாநகர்' போனதில் எனக்கு வருத்தம்தான். 1964இல் அதற்கும் 1965இல் 'சாருலதா'வுக்கும் பெர்லினில் அடுத்தடுத்து சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வரும் நிறைவே வேறு. ஆனால் இருந்த வாரங்கள் அவ்வளவே.

பின் நடந்தவை

கூட்டம் விருதுப் படங்களுக்கே அதிகம் வந்தது. 'காஞ்சன்ஜங்கா'வுக்குப் பாதி நாற்காலிகள் காலி. இதை முதலிலேயே எதிர்பார்த்திருந்தோம், ஆனாலும் செயலாளருக்குச் சங்கடம்தான். மாற்றம் தெரிந்தது திரையிடலுக்குப் பிந்தைய கலந்துரையாடலில். முந்தைய தொடர்களில் மாணவர்கள் "நல்லா இருந்தது சார்" என்று முடித்துக்கொள்வார்கள். இந்த முறை 'அபராஜிதோ' முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, தனக்கு அந்த மகன்மேல் கோபம்தான் வருகிறது, கையேட்டில் 1956இன் பார்வையாளர்களைப் பற்றிப் படித்ததால்தான் இதைச் சொல்லத் துணிகிறேன் என்றார். அதற்கு இன்னொருவர், தானும் ஊரை விட்டுப் படிக்க வந்தவன், அந்த மகன் செய்ததில் தப்பில்லை என்று பதில் சொன்னார். பேச்சு அரங்கு மூடும் நேரம் வரை நீண்டது. கையேடு எதற்காகப் போடப்பட்டதோ அது அன்று நடந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. உள்ளூர்ச் செய்தி ஒன்றில் "ஆஸ்கர் வென்ற ரேயின் படங்கள்" என்றே தலைப்பு வந்தது. அடுத்த ஆண்டு புரவலர் தொகையைக் குறைத்துக்கொண்டார். காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கையேடு அச்சான பிறகு, 2025 மே மாதம் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் 'அரண்யேர் தின் ராத்ரி' புதுப்பிக்கப்பட்ட 4கே பிரதியில் திரையிடப்பட்டது. அமெரிக்க இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் அறிமுகம் செய்தார், படத்தில் நடித்த ஷர்மிளா தாகூரும் சிமி கரேவாலும் வந்திருந்தார்கள். மாணவர் அன்றிரவே நூலகருக்கு அந்தச் செய்தியை அனுப்பினாராம். கைவசம் மீதமிருந்த பிரதிகளில் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பெரிய குறை ஒன்று இருக்கிறது. கொல்கத்தாவின் வரவேற்பு பற்றி எழுதியதில் பெரும்பகுதி ரேயின் வாழ்க்கையை எழுதிய மேரி சீட்டன், ஆண்ட்ரூ ராபின்சன் ஆகியோரின் ஆங்கில நூல்கள் வழியாக வந்தது. வங்காளிகள் தங்கள் இயக்குநரைப் பற்றித் தங்கள் மொழியில் எழுதிய விமர்சனங்களை நாங்கள் யாரும் படிக்கவில்லை. "சொந்த மண்ணில்" என்று தலைப்புப் போட்டுவிட்டு அந்த மண்ணின் குரலை வெளியாள் வாயால் கேட்டது சரியில்லை. வங்காளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தொடக்கத்திலேயே குழுவில் சேர்ப்பது என்று அடுத்த தொடருக்குத் தீர்மானம் போடப்பட்டிருக்கிறது.

நடுவர் குழு விவரம் வெனிஸ் 1957, பெர்லின் 1970 இரண்டுக்கு மட்டுமே சேர்ந்தது. யார் கொடுத்தார்கள், எதிரில் எந்தப் படங்கள் இருந்தன என்பதை முக்கியமான ஒவ்வொரு விருதுக்கும் சேர்க்க வேண்டும். வேலை அதிகம், பக்கமும் கூடும், எனவே படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது செய்யலாம் என்பது என் பரிந்துரை.

திரைப்படத் தேர்வுக் கூட்டத்தை கையேட்டு வேலைக்குப் பிறகு வைப்பது என்பது இன்னொரு மாற்றம். இந்த முறை படங்கள் முதலில் முடிவாகி, தேடல் பின்னால் நடந்ததால் அரங்க முன்பதிவை மாற்ற வேண்டி வந்து, கொஞ்சம் பணமும் போனது. அடுத்த தொடர் ஒரு தமிழ் இயக்குநரைப் பற்றியது. மாணவர் இப்போதே படங்களின் தணிக்கைத் தேதிகளைத் திரட்டத் தொடங்கிவிட்டார். நூலகர் பழைய வார இதழ்களின் விமர்சனப் பக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு நூலகங்களுக்கு எழுதியிருக்கிறார்.